93 நிமிடம் மிச்சமிருக்கையில் தொட்ட பிஷப்: ஒரு ஃபிரெஞ்சு டிஃபென்ஸ் ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

2025 மே மாதம் நடந்த ஓர் ஓப்பன் ரேட்டிங் சதுரங்கப் போட்டியின் நான்காம் சுற்றில் என் மாணவன் ஒருவன் வெள்ளைக் காய்களில் ஆடித் தோற்றான். அவனுக்கு வயது 11. பிள்ளைகள் தோற்பது அன்றாடம் நடப்பதுதான், அதையெல்லாம் எழுதி வைக்க வேண்டியதில்லை. இந்த ஆட்டத்தை எழுதுவதற்குக் காரணம், தோல்வியில் பாதிக்கு மேல் பொறுப்பு நான் சொல்லிக்கொடுத்த விதத்தில் இருக்கிறது. அதே விதத்தில்தான் நம்மூரில் பலரும் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை, சொல்லிக்கொடுக்கிறோம்.

பையனின் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. அவனும் அவன் அம்மாவும் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே இதை வெளியில் தருகிறேன். நகர்வுகள் அவனுடைய ஸ்கோர் ஷீட்டில், அதாவது ஆடுபவர் ஒவ்வொரு நகர்வையும் எழுதும் தாளில், இருந்தபடி. எழுத்து பலகையின் நெடுவரிசையை (ஏ முதல் எச் வரை) குறிக்கும், எண் கிடைவரிசையை. காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய், மூன்று புள்ளிக்குப் பின் வருவது கறுப்பின் நகர்வு. பலகையில் காய்களை அடுக்கிக்கொண்டு படித்தால் தெளிவாக விளங்கும்.

பின்னணி

2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் குகேஷ் இ4 ஆட, அப்போதைய சாம்பியன் டிங் லிரன் இ6 என்று ஃபிரெஞ்சு டிஃபென்ஸில் இறங்கி, கறுப்பில் ஜெயித்தார். டிசம்பரில் பட்டம் குகேஷுக்கு வந்தது, 18 வயதில். ஆனாலும் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் மனதில் அந்த முதல் ஆட்டம் தங்கிவிட்டது. "குகேஷ் அண்ணாவே இ6-க்கு எதிரா தோத்துட்டாரே சார், நாம என்ன ஆடுறது?" என்று கேட்டவன் இந்தப் பையன்தான்.

குகேஷ் அன்று ஆடியது மூன்றாம் நகர்வில் குதிரை சி3. அது ஆழமான பாதை. 11 வயதுப் பையனுக்கு நேரடியான ஒன்று போதும் என்று எண்ணி 'அட்வான்ஸ்' வழியைத் தேர்ந்தெடுத்தேன். 1. இ4 இ6, 2. டி4 டி5, 3. இ5. வெள்ளைச் சிப்பாய் ஐந்தாம் வரிசையில் போய் உட்கார்ந்து, கறுப்பின் ராஜா பக்கத்தை நெருக்குகிறது. அதற்கு விலை, டி4 சிப்பாயைக் காலம் முழுக்கக் காவல் காக்க வேண்டும். இ5-ஐத் தாங்கும் அடித்தளம் அது, கறுப்பு அங்கேதான் கடப்பாரை போடும். 3...சி5, 4. சி3 குதிரை சி6, 5. குதிரை எஃப்3 ராணி பி6. கறுப்பின் மூன்று காய்களும் டி4-ஐயே பார்க்கின்றன.

இங்கே 6. பிஷப் டி3 என்று ஒரு நகர்வு உண்டு. பார்வைக்கு இது டி4-ஐக் கைவிடுவதுபோல் இருக்கும், ஏனென்றால் வெள்ளை ராணி டி4-ஐப் பார்க்கும் வழியை அந்த பிஷப்பே அடைத்துவிடுகிறது. ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. 6...சி சிப்பாய் டி4-இல் வெட்டு, 7. சி சிப்பாய் திருப்பி வெட்டு. இப்போது கறுப்பு ஆசைப்பட்டு 7...குதிரையால் டி4-ஐ வெட்டினால், 8. குதிரை வெட்டு, ராணி வெட்டு. அடுத்து 9. பிஷப் பி5, செக்! பிஷப் டி3-ஐ விட்டு நகர்ந்ததும் டி வரிசை திறக்கிறது, டி1-இல் இருக்கும் வெள்ளை ராணி நேராகக் கறுப்பு ராணியைப் பார்க்கிறது. கறுப்பு செக்கைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ராணி போய்விடும்.

பிள்ளைகளுக்கு இது தின்பண்டம் மாதிரி. ஜனவரியில் சொல்லிக்கொடுத்தேன். மார்ச் முடிவதற்குள் இவன் ஆன்லைனில் இந்தப் பொறியால் எத்தனையோ ராணிகளைப் பிடித்துவிட்டான். வகுப்பில் நான் கொடுத்த பயிற்சி நிலைகள் 14. அந்தக் காகிதக்கட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். பதினான்கிலும் கறுப்பு டி4-ஐக் குதிரையால் வெட்டியிருக்கிறது. கறுப்பு ஆட வேண்டிய சரியான நகர்வான 7...பிஷப் டி7 ஒன்றில்கூட இல்லை. "அதுக்கு அப்புறம் கேஸ்லிங் பண்ணு" என்று, ராஜாவை யானையோடு சேர்த்து ஓரத்தில் பத்திரப்படுத்தச் சொல்லி, வாயால் ஒருமுறை சொன்ன ஞாபகம் இருக்கிறது. அது எனக்குத்தான் ஞாபகம். அவன் நோட்டில் அப்படி எதுவும் இல்லை.

போட்டியும் எதிராளியும்

ஒரு கல்யாண மண்டபத்தில் நீளமான மேஜைகள் போட்டு நடந்த போட்டி. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 நொடி கூடுதல். பயிற்சியாளர்களும் பெற்றோரும் அரங்கத்துக்குள் போக முடியாது, பந்தி நடக்கும் கூடத்தில்தான் காத்திருப்போம். அதனால் உள்ளே நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஸ்கோர் ஷீட்டும், ஆட்டம் முடிந்து இருவரும் சொன்னதுமே எனக்குச் சாட்சி.

ஸ்கோர் ஷீட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மாணவர்கள் ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் கிளாக்கில் மிச்சமுள்ள நிமிடத்தையும் எழுத வேண்டும். விதி அதை அனுமதிக்கிறது. எங்கே யோசித்தார்கள், எங்கே யோசிக்கவில்லை என்பது காகிதத்தில் அப்படியே பதிந்துவிடும். இந்த வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் இந்த ஆட்டத்தில் நடந்ததை என்னால் புரிந்துகொண்டிருக்கவே முடியாது.

எதிராளி அறுபது வயதைத் தாண்டியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடத்துக்கு மேலாக இ4-க்கு இ6 தவிர வேறு ஆடியதில்லை என்று பிறகு சொன்னார்.

ஆட்டம்: முதல் ஒன்பது நகர்வுகள்

1. இ4 இ6, 2. டி4 டி5, 3. இ5 சி5, 4. சி3 குதிரை சி6, 5. குதிரை எஃப்3 ராணி பி6, 6. பிஷப் டி3 சி சிப்பாய் வெட்டு, 7. சி சிப்பாய் வெட்டு. இதுவரை வீட்டுப்பாடம்.

7...பிஷப் டி7.

ஒரு கட்டம் நகர்ந்த அமைதியான நகர்வு இது. ஆனால் நிலைமை முழுக்க மாறிவிட்டது. பி5-இலிருந்து இ8-க்குப் போகும் மூலைவிட்டத்தில் இப்போது கறுப்பு பிஷப் குறுக்கே நிற்கிறது. பி5-இல் இனி செக் கிடையாது. செக் இல்லை என்றால் பொறியும் இல்லை, டி4 சிப்பாய் நிஜமாகவே ஆபத்தில் இருக்கிறது.

பையன் 8. கேஸ்லிங் செய்தான். எவ்வளவு நேரத்தில்? பத்து நொடிக்குள். "கேஸ்லிங் எப்பவும் நல்லதுதானே சார்" என்றான் பிறகு. பிஷப் டி7-க்கு வந்ததைப் பார்த்திருக்கிறான், எழுதியும் இருக்கிறான். அது எதற்காக வந்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை. அவன் மனதில் அடுத்த காட்சி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

எட்டாம் நகர்வில் எதிராளி 17 நிமிடம் யோசித்தார். இது அன்றைய ஆட்டத்தில் கிடைத்த பெரிய தடயம். சிப்பாய் சும்மா கிடைக்கிறது என்று நினைத்திருந்தால் அவ்வளவு நேரம் எதற்கு? அந்த 17 நிமிடத்தில் பையன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, நண்பன் ஆடிக்கொண்டிருந்த பலகையை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

8...குதிரை டி4-இல் வெட்டியது. 9. குதிரை வெட்டு, ராணி வெட்டு. அவன் சொன்ன வார்த்தை: "விழுந்துட்டாருன்னு நெனச்சேன் சார்."

ஸ்கோர் ஷீட்டில் ஒன்பதாம் நகர்வுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த எண் 93. 90 நிமிடத்தில் தொடங்கிய ஆட்டம். 30 நொடி கூடுதலில் பாதியைக்கூட அவன் செலவழிக்கவில்லை. அதனால் கிளாக் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தது.

பத்தாம் நகர்வு

கை போய் டி3 பிஷப்பைத் தூக்கியது. பி5-க்குக் கொண்டுபோகும் வழியில், பிஷப் காற்றில் இருக்கும்போதே, கண் டி7-ஐப் பார்த்தது.

அங்கே காய் இருக்கிறது. செக் இல்லை.

பிஷப்பை டி3-இல் மறுபடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். எதிராளி எதுவும் சொல்லவில்லை. ஆர்பிட்டரும் (நடுவர்) பக்கத்தில் இல்லை. ஆனால் தொட்ட காயை ஆட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். வேறு காயை ஆடிப் பார்க்கலாம் என்று நினைக்கவே இல்லையாம். இதை எழுதும்போது எனக்கு அவன்மேல் வரும் மரியாதையை மறைக்க விரும்பவில்லை. பார்க்க யாரும் இல்லாத இடத்தில் 11 வயதுப் பையன் விதியைத் தானாகக் காப்பாற்றினான்.

அடுத்து எழுதிய எண் 69. தொட்ட பிறகு ஏறத்தாழ 24 நிமிடம் யோசித்திருக்கிறான். தொடுவதற்கு முன் யோசிக்க வேண்டிய நேரம் அது.

அந்த 24 நிமிடத்தில் அவனுக்கு எதிரே இருந்தது இதுதான். டி3 பிஷப் எங்கே போனாலும் டி வரிசை திறந்து இரண்டு ராணிகளும் நேருக்கு நேர் நிற்கும், கறுப்பு விரும்பினால் ராணிகளை மாற்றிக்கொள்ளலாம். எச்7-ஐ வெட்டினால் ராணி மாற்றத்துக்குப் பிறகு யானை பிஷப்பைத் தின்றுவிடும். இ2-க்குப் பின்வாங்கினால் இ5 சிப்பாயும் போகலாம். கடைசியில் அவன் பி5-க்கே போனான். 10. பிஷப் பி5, ராணி டி1-இல் ராணியை வெட்டியது. இங்கே யானையால் உடனே திருப்பி வெட்டியிருந்தால் பி5 பிஷப் இலவசமாகப் போயிருக்கும். அவன் அதைக் கண்டுபிடித்தான். 11. பிஷப் டி7-ஐச் செக்குடன் வெட்டு, ராஜா வெட்டு, 12. யானை டி1 வெட்டு.

கணக்குப் பார்த்தால் ஒரு சிப்பாய் குறைவு, அவ்வளவுதான். ஆனால் ராணிகள் இல்லை, வெள்ளைக் கட்டங்களில் ஓடும் பிஷப் இல்லை, தாக்குதல் என்று சொல்ல எதுவும் இல்லை. கறுப்பு ராஜா டி7-இல் நிம்மதியாக நிற்கிறது. கறுப்புக்கு நடுவில் டி5, இ6 என்று கைகோத்த இரண்டு சிப்பாய்கள்.

மீதி ஆட்டம் நீளம், சொல்ல அதிகம் இல்லை. கறுப்பு எஃப்6 தள்ளி இ5 சிப்பாயை மாற்றிக்கொண்டு, நடுச் சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக முன்னேற்றியது. பையன் 42ஆம் நகர்வில் கை கொடுத்தான். அப்போதும் அவனிடம் 50 நிமிடத்துக்கு மேல் இருந்தது. 12ஆம் நகர்வுக்குப் பிறகு அவன் உண்மையில் ஆடவில்லை, முடிவுக்காகக் காத்திருந்தான். காகிதத்தில் எண்கள் அப்படித்தான் சொல்கின்றன.

வராந்தாவில்

ஆட்டம் முடிந்து வெளியே வந்தவன் அழவில்லை. "எட்டாவது மூவ்ல பானை விட்டுட்டேன் சார், அதுலயே போச்சு" என்றான். சிப்பாயைப் பிள்ளைகள் பான் என்றே சொல்வார்கள். அதாவது கேஸ்லிங்தான் தவறு என்று முடிவு கட்டிவிட்டான்.

எதிராளி பின்னாலேயே வந்தார். பெரிய மனிதர். வராந்தாவில் ஒரு பலகையை எடுத்து எட்டாம் நகர்வு வரை தானே அடுக்கினார்.

"கேஸ்லிங் பண்ணதும் எனக்கு உதறலாயிடுச்சு தம்பி. மில்னர்-பேரி தெரிஞ்ச பையன்டான்னு நெனச்சேன்."

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஒன்பதாம் நகர்வு வரை ஆடிக் காட்டிவிட்டு, வெள்ளையின் பி1 குதிரையை எடுத்து சி3-இல் வைத்தார். "இது வரும்னுதான் பதினேழு நிமிஷம் ஒக்காந்திருந்தேன்."

"அப்போ நான் தப்பு பண்ணலையா அங்கிள்?"

"எட்டாவதுல இல்ல. பத்தாவதுல."

ஸ்டூவர்ட் மில்னர்-பேரி இங்கிலாந்தின் ஆட்டக்காரர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் ரகசியக் குறியீடுகளை உடைத்த குழுவில் இருந்தவர். 1941 அக்டோபரில், ஆள் பற்றாக்குறையைச் சொல்லித் தானும் சக குறியீட்டாளர்களும் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தை லண்டனுக்கு எடுத்துப்போனவர் அவர்தான். இந்த நிலையில் டி4 சிப்பாயைத் தெரிந்தே கொடுக்கும் கேம்பிட் அவர் பெயரில்தான் இருக்கிறது. என் மாணவன் தெரியாமல் தடுக்கி விழுந்து நின்ற இடம், பலர் திட்டமிட்டு வந்து நிற்கும் இடம்.

நிலையை ஆராய்ந்ததில் தெரிந்தது

10. குதிரை சி3-க்குப் பிறகு வெள்ளைக்கு ஒரு சிப்பாய் குறைவு. அதற்கு ஈடாக ராஜா பத்திரமாக இருக்கிறது, காய்கள் வெளியே வந்துவிட்டன. கறுப்பின் ராணி மட்டும் தனியாக நடுக்களத்தில் நிற்கிறது, ராஜா இன்னும் இ8-இல். கறுப்பு இரண்டாவது சிப்பாயையும் ஆசைப்பட்டு 10...ராணியால் இ5-இல் வெட்டினால், 11. யானை இ1. ராணி பி8-க்கு ஓடினால் 12. குதிரை டி5-இல் வெட்டலாம், ஏனென்றால் இ6 சிப்பாய் யானைக்கும் ராஜாவுக்கும் நடுவில் கட்டுண்டு கிடக்கிறது, திருப்பி வெட்ட முடியாது.

எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் இதுவல்ல. கறுப்பு பத்தாம் நகர்வில் பிஷப் இ7 மாதிரி ஏதாவது சாதாரணமாக ஆடிவிட்டது என்று வையுங்கள். 11. குதிரை பி5! கறுப்பு ராணி தாக்கப்படுகிறது. டி7 பிஷப் அந்தக் குதிரையைத் தின்றால், 12. பிஷப் பி5-இல் வெட்டு, செக். டி வரிசை திறக்கிறது. ராணி போகிறது.

அதே பிஷப், அதே கட்டம், அதே செக். பையனின் கை போன இடம் சரிதான். அவனுடைய பொறி செத்துப்போகவில்லை. டி7-இல் காவலுக்கு ஓர் ஆள் வந்து நின்றார், அவ்வளவுதான். குதிரை போய் அந்தக் காவலாளியை பி5-க்கு இழுத்துவிட்டால் வழி மறுபடி திறந்துவிடும். வலுவான ஆட்டக்காரர்கள் பத்தாம் நகர்வில் கறுப்புக்கு ஏ6 ஆடுவது இதைத் தடுக்கத்தான், குதிரை பி5-க்கு வரக்கூடாது.

கம்ப்யூட்டர் எஞ்சினில் போட்டால் கறுப்புக்கே சற்று அனுகூலம் காட்டும். அது எனக்குத் தெரியும். கேம்பிட் சரியா தவறா என்பது இங்கே கேள்வியே இல்லை. 11 வயதுப் பையன் ஆடுவதற்கு நிறையச் சரக்கு உள்ள நிலை ஒன்று கையில் இருந்தது. அது தன் கையில் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

நான் எங்கே தவறினேன் என்பதும் இங்கே தெளிவானது. 'பிஷப் பி5 செக்' என்பதை ஒரு விடையாகக் கொடுத்திருந்தேன். அது எந்தக் கேள்விக்கு விடை என்று கொடுக்கவில்லை. சி6-இல் குதிரை இல்லை, டி7 காலி, ராணி காவலில்லாமல் டி4-இல் நிற்கிறது, ராஜா இ8-இல் இருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்தால்தான் அந்த நகர்வு. ஒன்று குறைந்தாலும் அது வேறு நிலை.

எடுத்த முடிவுகள்

பையனின் அப்பா மறுநாளே போனில் கேட்டார்: "இந்த ஓப்பனிங்கே வேண்டாம் சார், லண்டன் சிஸ்டம் மாதிரி பாதுகாப்பா ஏதாவது மாத்திக் கொடுங்களேன்." நான் மறுத்தேன். ஓப்பனிங்கை மாற்றினால் இந்தத் தோல்வி ஓப்பனிங்கின் குற்றமாகிவிடும். லண்டன் சிஸ்டத்திலும் அவன் கை இப்படித்தான் முந்திக்கொண்டு போகும். தவிர, தான் தோற்ற நிலை நல்ல நிலைதான் என்று தெரிந்த பிறகு அதை விட்டு ஓடச் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் நியாயமும் இல்லை. அப்பா அரைமனதாக ஒப்புக்கொண்டார், மூன்று மாதம் என்று கெடு வைத்தார்.

வகுப்பில் முதலில் பொறியைக் கறுப்புப் பக்கம் உட்கார வைத்துக் காட்டினேன். "நீ கறுப்பு. டி4-ஐ எப்படிப் பத்திரமாகத் தின்பாய்?" என்று கேட்டேன். அவன் பிஷப் டி7-ஐத் தானாகக் கண்டுபிடிக்க ஏழு நிமிடம் ஆனது. கண்டுபிடித்ததும் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகு டி7 பிஷப்பைப் பலகையிலிருந்து எடுப்பது, வைப்பது, மறுபடி எடுப்பது. ஒவ்வொரு முறையும் "இப்போ பி5-இல் என்ன?" இதைப் பத்து நிமிடம் செய்தோம். நான் 14 காகிதத்தில் சாதிக்காதது அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது.

சிப்பாயைக் கொடுக்க மனமில்லை என்றால் என்ன வழி என்பதையும் காட்டினேன். எட்டாம் நகர்வில் பிஷப் இ2-க்குப் பின்வாங்கலாம். 1888-இல் நியூரம்பெர்க்கில் லூயிஸ் பால்சன், டாராஷுக்கு எதிராக இதே நிலையில் அதைத்தான் ஆடினார். 8...ஜி குதிரை இ7, 9. பி3 குதிரை எஃப்5, 10. பிஷப் பி2 பிஷப் பி4 செக், 11. ராஜா எஃப்1. கேஸ்லிங் போய்விட்டது, டி4-ஐச் சுற்றியே வெள்ளைக் காய்கள் எல்லாம் கட்டுண்டன, டாராஷ் ஜெயித்தார். பையன் பார்த்துவிட்டு, "பான் கொடுக்கிறதே பரவாயில்ல சார்" என்றான்.

இன்னொரு முடிவு எல்லா மாணவர்களுக்குமாக எடுத்தது. எதிராளி நோட்டில் இல்லாத நகர்வை ஆடிய உடனே இரண்டு கையும் தொடைக்கு அடியில் போக வேண்டும். அந்த நகர்வு எதை மாற்றியது என்று மனதுக்குள் ஒரு வாக்கியம் சொல்லிய பிறகே கை வெளியே வரலாம். புதிய முறையொன்றும் இல்லை, பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதுதான். அதைக் கட்டாயமாக்கினேன்.

அடுத்து வந்தது

பலன் ஒரே மாதிரி இருக்கவில்லை.

ஜூலையில் வேறோர் ஊர்ப் போட்டியில் இவனுக்கு மறுபடி ஃபிரெஞ்சு வந்தது. இந்த முறை எதிராளி வரிசையை மாற்றி ஆறாம் நகர்விலேயே பிஷப் டி7 வைத்தார். 7. கேஸ்லிங், சி சிப்பாய் வெட்டு, 8. சி சிப்பாய் வெட்டு, குதிரை வெட்டு, 9. குதிரை வெட்டு, ராணி வெட்டு. வேறு வாசல் வழியாக அதே அறை. ஸ்கோர் ஷீட்டில் ஒன்பதாம் நகர்வுக்குப் பக்கத்தில் 78. 10. குதிரை சி3 ஏ6, 11. ராணி இ2 குதிரை இ7, 12. ராஜா எச்1.

இந்தப் பன்னிரண்டாம் நகர்வு எனக்கு மிகவும் பிடித்தது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜூன் மாதம் வகுப்பில் எஃப்4 தள்ளப் போனவன் நின்று, "சார், எஃப்2 பான் நகரவே முடியாது. ராணி டி4-லேருந்து ஜி1 வரைக்கும் பாக்குது" என்று தானாகச் சொன்னான். ராஜா மூலைக்கு ஒதுங்கினால்தான் எஃப் சிப்பாய்க்கு விடுதலை. புத்தகத்திலும் அதே நகர்வு இருக்கிறது என்று பிறகுதான் காட்டினேன்.

12...குதிரை சி6, 13. எஃப்4. நல்ல அழுத்தம் கிடைத்தது. 30ஆம் நகர்வை ஒட்டி ஒரு வெற்றி வாய்ப்பைத் தவறவிட்டான், ஆட்டம் டிரா ஆனது. வெளியே வந்து அந்தத் தவறவிட்ட நிலையைத்தான் முதலில் அடுக்கினான். மே மாதத்தில் "அதுலயே போச்சு" என்று சொன்ன பையன் அவன்.

இன்னொரு மாணவி விஷயத்தில் என் கட்டாய விதி கெடுதல் செய்தது. அவள் இயல்பிலேயே நிதானமானவள். கை தொடைக்கு அடியில் போனால் வெளியே வரப் பயந்தாள். ஒரு ஆட்டத்தில் முதல் எட்டு நகர்வுக்கு 40 நிமிடம் செலவழித்து, கடைசியில் நேரம் போதாமல் ஜெயித்த நிலையைத் தோற்றாள். அவளுக்கு அந்த விதியே தேவைப்படவில்லை. அவசரக்காரனுக்குக் கொடுத்த மருந்தை நிதானமானவளுக்கும் சேர்த்து ஊற்றிவிட்டேன். ஆகஸ்டில் விதியைத் திருத்தினேன். ஸ்கோர் ஷீட்டில் நேரம் ஏறிக்கொண்டே போகும் பிள்ளைகளுக்கு மட்டும் அது பொருந்தும்.

மாற்ற வேண்டியவை

பழைய 14 காகிதங்களைக் கிழித்துவிட்டேன். இப்போது இருப்பது எட்டு. நான்கில் டி7 காலி, நான்கில் டி7-இல் பிஷப், கலைத்துப் போட்டுத் தருகிறேன். எந்தக் காகிதத்தில் பொறி உண்டு என்று தலைப்பில் இருக்காது. விடை 'பிஷப் பி5' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை, ஏன் என்று ஒரு வரி வேண்டும்.

எதிராளியின் கிளாக்கையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த 17 நிமிடம் ஸ்கோர் ஷீட்டில் கண்முன் இருந்திருந்தால், தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதாவது ஒரு கேள்வி எழுந்திருக்கும்.

நான் இன்னும் சரிசெய்யாத ஒன்று 12ஆம் நகர்வுக்குப் பிந்தைய பகுதி. ஒரு சிப்பாய் குறைந்த நிலையை 50 நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு பையன் விட்டுக்கொடுத்ததற்கு என்னிடம் பயிற்சித் தாள் எதுவும் இல்லை. யானை முடிவாட்டங்களில் ஒரு சிப்பாய் குறைவாக வைத்து டிரா செய்யும் நிலைகளை வாரம் ஒன்றாக ஆட வைக்கத் தொடங்கியிருக்கிறேன். பலன் சொல்லும் அளவுக்கு நாள் ஆகவில்லை.

அப்பா வைத்த மூன்று மாதக் கெடு ஆகஸ்டில் முடிந்தது. அவர் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை. பையன் இப்போது கறுப்பிலும் ஃபிரெஞ்சு ஆட வேண்டும் என்கிறான். போன சனிக்கிழமை முதல் வகுப்பு. பலகையை ஏழாம் நகர்வு வரை அடுக்கி வைத்துவிட்டு நான் விலகிக்கொண்டேன். டி7-க்குப் போக வேண்டிய பிஷப் சி8-இலேயே இருந்தது. அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வெள்ளையின் டி3 பிஷப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.